நிகர எடை

பாலத்தின் இரு முனையிலும்
சிவப்பு வட்டத்துக்குள் ஐந்து டன் என்று எழுதி
நட்டுவிட்டுப் போனார்கள் ஜேகேஆர் ஆட்கள்.
அதுவரை பத்து லிந்தாங் பாலத்துக்குத்
தன் பலம் இவ்வளவுதான் என்று தெரியாது.
எங்களுக்கும்.

நான் ஆலையில் எடைமேடைக் கிராணி.
பதினோரு வருடமாய் இதே கண்ணாடிக் கூண்டு.
செம்பனைக் குலையோடு வரும் லோரியை ஒருமுறை,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒருமுறை.
பெரியதில் சிறியது கழித்தால் நிகரம்.
நடுவே டிரைவர்கள் குடிக்கும் தே தாரேக்கின் எடையை
நான் கணக்கில் எடுப்பதில்லை.

பலகை வந்த மறுநாள்
பள்ளிப் பேருந்து இக்கரையில் நின்றது.
பிள்ளைகள் இறங்கிப்
பையும் தண்ணீர்ப் போத்தலுமாய் நடந்தார்கள்.
பின்னால் காலிப் பேருந்து,
வயிற்றை எக்கிக்கொண்டு வருவதுபோல்.
அக்கரையில் மறுபடி ஏறினார்கள்.
லோரி ரெங்கையாவின் மகள் கேட்டாளாம்:
"காலையில சாப்பிடாம வந்தா
உட்கார விடுவீங்களா?"

பங்குனி உத்திரம் நெருங்கியது.
தேர் எத்தனை டன் என்று கேட்டார் என்சிக் ரோஸ்லான்,
பெர்மிட் தாளின் அந்த ஒரு கட்டத்தில்
பேனாவை ஊன்றியபடி.
கோயில் தலைவர் அஞ்சப்பன்
உயரத்தைச் சொன்னார்,
சாயம் அடித்த செலவைச் சொன்னார்,
நன்கொடை தந்தவர் பெயரெல்லாம் சொன்னார்.
பேனா நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஆலை ஓய்ந்த நேரம்,
டிராக்டர் இழுக்கத் தேர் என் மேடைமேல் ஏறியது.
சுவாமிக்குப் பதில் அரிசி மூட்டை.
மூன்றா நான்கா என்று
கமிட்டியில் அரை மணி நேரம் வாக்குவாதம்.
நான்கு என்று முடிவானது;
குறைத்துச் சொல்ல யாருக்கும் துணிவில்லை.
மேடைமேல் தேங்காய் உடைக்காதீர்கள்
என்று நான்தான் சொல்லவேண்டி வந்தது.

சரக்கு வகை கேட்டது கணினி.
நிரப்பாமல் சீட்டு வராது.
பட்டியலில் மூன்றே மூன்று:
குலை, பருப்பு, ஓடு.
குலை என்று அழுத்தினேன்.
முருகா, வேறு வழியில்லை.

மொத்தம் 5 டன் 340.
மூட்டை, குருக்கள், மேளக்காரர்கள், ஜெனரேட்டர்
எல்லாம் இறங்கியபின் 4 டன் 610.
நிகரம் 730 கிலோ.
அதில் ஜெனரேட்டர் எவ்வளவு, மீதி எவ்வளவு
என்று பிரித்துச் சொல்ல என் மேடைக்குத் தெரியாது.

ஆகவே உத்திரத்தன்று
சுவாமியும் இறங்கினார், பிள்ளைகளைப் போலவே.
தோளில் போனார் அக்கரைக்கு.
ஜெனரேட்டரை அணைத்துத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள்.
பிறகு அக்கரையில் நின்றே எல்லாரும் வடம் பிடிக்க,
விளக்கில்லாத தேர்
ஆளில்லாத பாலத்தில் தனியாக வந்தது.
அரோகரா சொல்லக்கூட மறந்து
பலகைகளின் முனகலைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.
ஒரு ஆணி தண்ணீரில் விழுந்தது.
அதைக் கேட்டவர்கள் பலர்.

அன்றிரவே எனக்கு வேலை.
11.52.
கூண்டைத் தட்டினார் ரெங்கையா.
நெற்றியில் விபூதி கலையவில்லை,
உள்ளங்கையில் வடத்தின் சிவப்பும் போகவில்லை.
ஏழாம் பிளாக்கில் ஏற்றிப் புறப்பட்ட நேரம்
துண்டுத்தாளில் 11.40.
பெரிய சாலை சுற்றினால்
முக்கால் மணி நேரம்.
மேடை காட்டியது 14 டன் 280.

நடைக்கு இவ்வளவு என்றுதான் கூலி.
லோரிக்கு இன்னும் இரண்டு வருடத் தவணை.
இதெல்லாம் அவர் சொல்லவில்லை,
எல்லா லோரிக்கும் உள்ளதுதான்.
அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை,
நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
மொத்தம், வெற்று, நிகரம்.
வந்த வழி என்று ஒரு கட்டம்
சீட்டில் கிடையாது.

"பாப்பா காலையில சாப்பிட்டுட்டுப் போகுதா?"
என்று மட்டும் கேட்டேன்.

சீட்டை நான்காய் மடித்து
சட்டைப் பையில் வைத்தார்.
வைத்த கையை
எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.