நாலு செக்கன்

முள்ளியவளையில் பதினொன்றே முக்கால்.
தகரக் கூரை வெயிலில் டக் டக்கென்று நெட்டி முறிக்கிறது.
தண்ணிமுறிப்பிலிருந்து வந்த வோட்டர் பம்மின்
வயிற்றைத் திறந்து வைத்திருக்கிறேன்.
கை முழுக்கக் கிறீஸ்.
போனை முழங்கையால் தட்டுகிறேன்.

அங்கே இரவு ஒன்றேகால்.
கிருபைராசன் இரண்டு ஜக்கற் போட்டுக்கொண்டு
நிலக்கீழ் அறையில் குந்தியிருக்கிறான்.
"மச்சாள், பேர்னஸ் நிண்டுபோச்சு.
ஆள் காலமைதான் வருவானாம்.
வந்து எட்டிப் பார்த்தாலே இருநூறு டொலராம்.
வெளியில மைனஸ் இருபத்திரண்டு."

பனியை நான் கலண்டரில்தான் கண்டிருக்கிறேன்.
நெருப்புப் பிடிக்காத இயந்திரம் எனக்குத் தெரியும்.

முதல், காஸ் மணக்குதோ?
மணந்தால் ஒரு சுவிச்சையும் தொடாதே,
பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு வெளியில ஓடு.
இல்லை என்கிறான்.
இன்னொருக்கா மூக்கை வைச்சுப் பார்.
இல்லை.
சரி, சுவரில இருக்கிற பெட்டிக்குப் பற்றரி?
போன கிழமை மாற்றினதாம்.
பில்ரரை இழு.
இழுத்தான். செத்த எலியின் நிறத்தில்
ஒரு கம்பளமே வந்தது.
எத்தனை வருசமடா இது?
ஜெனிற்றாவைத்தான் கேட்கவேணுமாம்.

எறி அதை. புகை போகிற குழாய் எங்கே?
போனோடு வெளியே போகிறான். திரை முழுக்க வெள்ளை.
வாயால் ஆவி பறக்க, வெறுங்கையால்
குழாயின் தொண்டையைத் தோண்டுகிறான்,
மதகில் அடைத்த ஆகாயத்தாமரையை
நாங்கள் இழுத்தெறிந்த மாதிரி.

இப்ப போடு. மூடியைக் கழற்றிப் போனைக் கிட்டப் பிடி.
கொஞ்சம் சிவப்பு. பக்கென்று நீலம்.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
அணைந்தது.
மறுபடியும் நாலு. அணைந்தது.
மூன்றாந்தரமும் அணைந்து
ஒரு சின்ன லைற் மட்டும் கண்ணடிக்க
இயந்திரம் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது.

ஆக, காஸ் வருகிறது. பொறி வருகிறது.
நெருப்பும் வருகிறது.
வந்ததென்று சொல்லத்தான் ஆள் இல்லை.

"நெருப்புக்குள்ள நீட்டிக்கொண்டு ஒரு மெல்லிய கம்பி நிக்கும், பார்.
அதுதான் சாட்சி.
அது கண்டேன் எண்டால்தான் போட் காஸை விடும்.
ஊத்தை படிஞ்சால்
அது சொல்லும், போட்டுக்குக் கேளாது."
சொல்லிவிட்டு ஒரு கணம் நின்றேன்.
நானும் மூன்று மண்டபங்களில் சொன்னவள்.
மூன்றிலும் எழுதிக்கொண்டார்கள்.

விடு. கரண்டை நிற்பாட்டு. ஒரே ஒரு ஆணிதான், கழற்று.

சாண்ட் பேப்பர் இல்லையாம்.
யாரோ காசுத்தாளால் உரசினதைப் பார்த்தானாம்,
ஐந்து டொலரை நீட்டுகிறான்.
உங்கட காசு பிளாஸ்ரிக், மடையா, வழுக்கும்.
எங்கட நூறு ரூபாய் உரசும்,
அதுக்காவது உதவும்.
கடைசியில் சட்டி தேய்க்கிற கம்பிப் பஞ்சு கிடைத்தது.
மெல்ல. பீங்கானைப் பிடிச்சு முறுக்காதே, வெடிச்சுப்போகும்.
கம்பி வெளுத்தால் காணும்.

பூட்டினான். கரண்டைப் போட்டான்.
சிவப்பு. நீலம்.
மூன்று, நாலு,
ஐந்து.
ஆறு.
எண்ணுவதை நிறுத்த இருவருக்கும் பயம்.
பதினேழில்தான் அவன் சிரித்தான்.
கொஞ்சத்தால் காற்றாடி இரைந்தது.

நன்றி சொல்ல மறந்தான்,
போனை நிற்பாட்டவும் மறந்தான்.
அது எதிலோ சாய்ந்தபடி
நீல நெருப்பையே காட்டிக்கொண்டிருக்கிறது.
மேல்தட்டில் யாரோ கதவொன்றைச் சாத்துகிறார்கள்.

பம்முக்காரர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறார்:
"உந்தளவு நெருப்போ ஒரு வீட்டுக்கு?"
பிறகு, சாரத்தின் தலைப்பால் கழுத்தைத் துடைத்தபடி,
"பிள்ளை, என்ர பம்?"

பிளக்கைக் கழற்றினேன். முழுக்கக் கரி.
டேற்றா முடியுமட்டும் அந்த நெருப்பு
ஸ்பானர்களுக்குப் பக்கத்தில் எரிந்தது.