முப்பது செக்கன்

ரவூப் ஹாஜியார் மேசையில் வைத்தது
ஐம்பத்து மூன்றாம் ஆண்டு ரேடியோ,
ஒஸ்டின் காரின் நெஞ்சிலிருந்து கழற்றியது.
தந்த நிறத்தில் இரண்டு குமிழ், நடுவில் கண்ணாடி,
அதற்குப் பின்னால் சிவப்பு முள்
எந்த ஊரையும் தொடாமல் இடையில் நின்றது.

"வெளிய ஒரு கீறல் விழக்கூடா.
உள்ளுக்கு என்னத்தையும் செய்.
போன்ல இருந்து பாட்டு வரவேணும்.
ஏப்ரல்ல நுவரெலியாவுல பழைய கார் போட்டி.
பாக்கிறவன் அசல் எண்டு சொல்லவேணும்."

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே, படிக்கட்டுக்குக் கீழே
ஆறடிக்கு நாலடி என் கடை.
உடைந்த திரை, வீங்கிய பற்றரி, தேத்தண்ணி குடித்த போன்கள்.
இத்தனை வயதான நோயாளி வந்ததில்லை.

மூடியைத் திறந்தேன்.
ஐந்து வால்வு, மெழுகு கசிந்த கொண்டென்சர்கள், ஒரு குளவிக்கூடு.
கூட்டையும் சேர்த்துப் பால்மா டின்னில் பத்திரப்படுத்தினேன்.
ஒன்றையும் எறியாதே என்றிருந்தார்.

சிக்கல் பிறகுதான் வந்தது.
அந்தக் காலத்து இங்கிலீஷ் காருக்கு
உடம்பு முழுக்க பொசிட்டிவ்.
கதவு, போனட், மிதிபலகை, எல்லாம்.
இந்தக் காலத்து போர்டுக்கோ உடம்பு நெகட்டிவ்.
தொட்டால் ஒரு பொறி, பிறகு புகை வாசம்.
ஆகவே என் போர்டு அந்தப் பெட்டிக்குள் இருக்கலாம்,
அதன் கரண்டைக் குடிக்கலாம், பாடலாம்,
இரும்பில் மட்டும் எங்கும் படக்கூடாது.
சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றினேன். நைலோன் ஆணி போட்டேன்.
இருநூறு வருசம் இப்படி இருந்து பழகிய ஆட்கள் நாங்கள்.
எனக்கு இந்த வேலை வரும்.

இன்னொன்று: வால்வு ரேடியோ உடனே பேசாது.
சூடாக வேண்டும்.
அதனால் முப்பது செக்கன் பொய் சேர்த்தேன்.
குமிழைத் திருப்பினால் மஞ்சள் வெளிச்சம்,
பிறகு ஒன்றுமில்லை,
பிறகு மெல்லிய இரைச்சல்
(எங்கள் லயத்துத் தகரத்தில் விழுந்த தூறலை
ஓர் இரவு பதிந்து வைத்தது),
அதற்குப் பிறகுதான் பாட்டு.
ஹாஜியார் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார்.
"பொய்க்கும் பொறுமை வேணும் போல."

குதிரைப் பந்தயத் திடலில் கார்கள் வரிசையாய்ப் பனியில் நின்றன.
கொழும்பிலிருந்து வந்த நடுவர்
கைவிளக்கோடு குனிந்தார், முகர்ந்தார்,
குமிழைத் திருப்பினார்.

மஞ்சள் வெளிச்சம்.
ஒன்றுமில்லை.
எங்கள் லயத்துத் தூறல்.
ஹாஜியார் தன் போனைத் தட்டுவதற்குள்
என் பையில் இருந்தது முந்திக்கொண்டது.
சோதித்த நாளில் சோடி சேர்த்ததை நான் பிரிக்கவில்லை.
யார் அழைத்தாலும் தானாய் எடுக்கும்படி வைத்ததையும்
மாற்ற மறந்திருந்தேன்.

"அக்கா, ரெண்டு கிலோ கொறஞ்சதுக்கு
இன்னைக்கும் அரைப்பேரு போட்டுட்டாங்க.
ஈரக் கொழுந்துன்னு தராசுலயே கழிச்சாங்க.
வரும்போது மாவு வாங்கிட்டு வா,
மண்ணெண்ண ஒரு போத்தல்..."

என் தங்கை சுகிர்தா.
அந்தப் பழைய ஸ்பீக்கரின் காகிதத் தொண்டையில்
எழுபது வருசத்துக்கு அப்பால் நின்று
மூக்கால் பேசினாள்.

நடுவர் தலையைச் சாய்த்தார். "தமிழ் சேவையா?"
ஹாஜியார் என்னைப் பார்த்தார், பிறகு திடலைப் பார்த்தார்.
"ஓ. நாடகம் போகுது."
"அந்தக் காலத்துச் சத்தம், அப்படியே!"
தாளில் ரேடியோ என்ற இடத்துக்கு நேரே
அசல் என்று எழுதி
பத்துக்குப் பத்து போட்டார்.

போர்டு போன வருசம் சீனாவில் செய்தது.
மற்றதில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அக்கா... ஹலோ... கேக்குதா?"

கயிற்றுக்கு வெளியே நின்றிருந்தேன்.
அந்த ரேடியோவுக்கு நான் வாய் மட்டும்தான் வைத்தேன்,
காது வைக்கவில்லை.