ஆறு பேர், 408 கிலோ

லிஃப்ட்டுக்குள் பித்தளைத் தகட்டில் எழுதியிருக்கும்:
ஆறு பேர், 408 கிலோ.
ஆளுக்கு அறுபத்தெட்டு.
"எந்த ஊர்லட்டி இருக்கான் இந்த அறுபத்தெட்டுக் கிலோக்காரன்?
முப்பது வருசமாத் தேடுதேன், ஒருத்தனும் ஏறல"
என்பார் அப்பா.

தாராவியில் ஓர் அறைக்குள் நாங்களும் ஆறு பேர்.
அப்பா, அம்மா, அக்கா சுடலி, நான், தம்பி இசக்கி,
பதினைந்து நாள் தங்க வந்து
பதினோரு வருஷம் தங்கிவிட்ட மாமா.
கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைத்தாலும்
முந்நூறு தாண்டாது.
"அப்போ இன்னும் ரெண்டு பேரை ஏத்தலாம்"
என்று அம்மாவைப் பார்ப்பார்.
கரண்டி ஓங்கப்படும்.

மாட்டுங்காவில் பழைய கட்டிடங்கள் இருபத்து மூன்று.
இழுத்துச் சாத்தும் கம்பிக் கதவு வைத்த கூண்டுகள்
தவசிமுத்துவின் கைக்குத்தான் அடங்கும்.
ஜூலை மழையில் லிஃப்ட் குழி நிறைந்துவிடும்.
இடுப்பளவு தண்ணீரில் நின்று
வாளி வாளியாக இறைத்துவிட்டு
விடியற்காலை நாலு மணிக்கு வீடு வருவார்.
தூங்கும் தலைகளைத் தாண்டித் தாண்டி
நடக்கும்போது யார் காலையாவது மிதித்துவிட்டால்
இருட்டிலிருந்து ஒரு குரல்:
"மன்னிக்கணும், ஓவர்லோடு."

மண்ணெண்ணெய்க்கும் போகாது
எலுமிச்சைத் தோலுக்கும் போகாது
அவர் விரலில் இருந்த கிரீஸ்.
என் பள்ளி ரிப்போர்ட் ஒவ்வொன்றிலும்
கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு ரேகை.
டீச்சர் கேட்டாள்.
எங்கப்பா ரெண்டு தடவை கையெழுத்துப் போடுவார், என்றேன்.

ஒரே ஒரு நாள் அவர் பேசவில்லை.
கூட வேலை பார்த்த ஷிண்டே
ஐந்தாம் மாடியிலிருந்து குழிக்குள் விழுந்த நாள்.
சட்டையைக் கழற்றாமல்
சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
மறுநாள் அதே கட்டிடத்துக்கு, அதே மாடிக்கு
ஸ்பானரோடு போனார்.
அந்த ஜூன் மாதம்
ஷிண்டேவின் பையனுக்குப் புத்தகம் வாங்க
என் கொலுசு அடகுக்கடைக்குப் போனது.
நான் அழுதேன்.
"நடக்க லேசா இருக்கும் பாரு" என்றார்.
இருந்தது. அதைச் சொல்லத்தான்
எனக்கு அன்றைக்கு மனசு வரவில்லை.

குடிசையை இடித்து ஏழாம் மாடியில் வீடு தந்தார்கள்.
அந்தக் கட்டிடத்து லிஃப்ட்
வாரத்துக்கு மூன்று நாள் நிற்கும்.
சம்பளமில்லாமல் அதையும் அவர்தான் பார்த்தார்.
கை நடுங்கத் தொடங்கியபின்
பார்க்க ஆளில்லை.
கதவில் அட்டை தொங்கியது: பந்த் ஆஹே.

அட்டை தொங்கும்போதே போய்விட்டார்.

ஏழு மாடி. படிக்கட்டு வளைகிற இடத்திலெல்லாம்
அவரைச் சாய்த்துத் திருப்ப வேண்டியிருந்தது.
நாலாவது மாடியில் மாமாவுக்கு மூச்சு வாங்க
கீழே இறக்கி வைத்தோம்.
"இந்நேரம் அவுக மட்டும்..." என்று தொடங்கிய அம்மா
முடிக்கவில்லை.
என்ன சொல்லியிருப்பார் என்று
எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.
முதலில் இசக்கி சிரித்தான்.
பிறகு சுடலி.
பிறகு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு, அம்மா.
கீழ்ப்படியில் மாலையோடு நின்ற பக்கத்து வீட்டுக்காரர்
எங்கே பார்ப்பதென்று தெரியாமல்
மாலையைப் பார்த்தார்.

பதினேழாம் நாள் அவர் போன் அடித்தது.
மாட்டுங்கா பாரேக் அம்மாள், எண்பது வயது.
"முத்து பாய் எங்கே?"
எங்கே என்று எவர் கேட்டாலும் வேலை நேரத்தில்
அவர் சொல்கிற அதே பதில்
என் வாயில் தானாக வந்தது,
அவருடைய ஓட்டை ஹிந்தியில்:
மேலே போயிருக்கார்.

"சரி, இறங்கி வந்ததும் அனுப்பு.
அவசரமில்லை" என்றாள்.

கிரீஸ் படிந்த டைரியைத் திறந்து
அவர் விட்ட வரிக்கு அடுத்த வரியில் எழுதினேன்:
பாரேக். மூணாவது மாடி.
கதவு சாத்த மாட்டேங்குது.