ஈ கடித்த இடம்

தூர்னே நகரம், நவம்பர்.
மூன்றாம் மாடி வகுப்பறையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை.

எழுநூறு ஆண்டு பழைய வரிச்சுருளைக்
கணினியே படித்துத் தந்தது:
'ஓடோ, பன்னிரண்டு காசு.'
நம்பகம் எண்பத்தெட்டு விழுக்காடு.

இல்ஹாம் அவனுக்கு ஒரு வீடு கொடுத்தாள்.
வரைபடத்தில், ஆற்றோரம்,
தோல் பதனிடுவோர் சந்தில் ஒரு செம்புள்ளி.
"நாறுகிற தெரு, மதாம்,
ஆனால் வாடகை குறைவு."
மூன்று வாரம் அங்கே குடியிருந்தான்.
கல்யாணம் ஆனவனா என்றுகூடச்
செவரின் கேட்டான்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, சும்மா,
படத்தை இருபது மடங்கு பெரிதாக்கினேன்.
முதல் எழுத்தில் மை இல்லை.
ஓ அல்ல, ஓட்டை.
அதன் வழியே தெரிந்தது
படம்பிடித்த மேசையின் சாம்பல் நிறம்.

எந்தக் கோடையிலோ
ஒரு கன்றை ஈ கடித்திருக்கிறது.
வால் எட்டவில்லை.
ஆறிய வடு,
தோலை இழுத்துக் கட்டிக் காயவைத்தபோது
வட்டமாய் வாய் திறந்திருக்கிறது.
எழுத்தர் ஒதுங்கிப் போயிருக்கிறார்,
பள்ளம் தெரிந்த வண்டிக்காரர் போல.
கணினி அதில் விழுந்தது.

ஓட்டையை எடுத்தால் மிச்சம் 'டோ'.
லத்தீனில், தருகிறேன்.

தருகிறேன் என்றது யார்?
மேல்வரியில் இருக்கிறாள்
மெழுகுவர்த்தி விற்ற ஹெலுயிஸ், கைம்பெண்.
பன்னிரண்டும் அவள் கைக்காசு.
மூன்று வாரமாய் அவளை
வரி கட்டாதவர் பட்டியலில் வைத்திருந்தோம்.

இல்ஹாம் உடனே அழிக்கவில்லை.
செம்புள்ளியின் மேல் சுட்டியை நிறுத்தி,
"வாடகை பாக்கி வைத்திருப்பானோ" என்றாள்.
யாரும் சிரிக்கவில்லை.

பிறகு அழுத்தினாள்.