லாட்

குலசேகரம் சந்தை முக்கில்
ரப்பர் கடையில் இருபத்தியாறு வருசம்.
ஷீட்டைத் தூக்கி
வாசல் வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பேன்.
குமிழி இருந்தால் ஒரு விலை,
புகை கூடிக் கருத்திருந்தால் ஒரு விலை,
பூஞ்சை பிடித்ததென்றால் பேச்சே இல்லை: லாட்.

கண்ணுக்கு அந்தப் பழக்கம் ஒட்டிப்போனது
விரலில் ஒட்டுப்பால் மாதிரி,
கடை அடைத்த பிறகும் உரிந்து வராது.
பஸ்ஸில் பக்கத்து ஆளின் சட்டைக் காலர்,
ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம்,
சம்பந்தி சிரிக்கிற விதம்,
என் மகன் ஜெபின்
காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு
மார்த்தாண்டத்தில் மொபைல் கடையில் நிற்பது,
எல்லாவற்றையும் தூக்கிப் பிடித்திருக்கிறேன்.
ஒன்றும் தேறவில்லை.

ஐப்பசி. பதினோரு நாள் விடாத மழை.
திருநந்திக்கரை ரோஸ்லெட்
சாக்கில் சுற்றி ஒன்பது ஷீட் கொண்டுவந்தாள்.
போன மாசமும் இதே சாம்பல்தான்.
புகைப்புரை ஒழுகுகிறதா,
விறகு நனைந்ததா,
இல்லை சோம்பலா,
கேட்க வாயெடுத்தேன்.
கரண்டு போனது.

இருட்டில் வாசல் மட்டும் வெள்ளையாய் நின்றது.
பழக்கத்தில் கை உயர்ந்தது.
திட்டுத் திட்டாகப் பூஞ்சை.
நடுவே
பால் உறையும்போது விழுந்த எறும்பு ஒன்று
கால் ஆறும் விரித்தபடி.
உருளை பதிந்த வரிகளுக்குள்
தேன் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது வெளிச்சம்.
பூஞ்சை இருந்த இடத்திலும்
கொஞ்சம் இறங்கியது.

"மழையில்லியா அண்ணே" என்றாள்.
"ஆமா, மழை" என்றேன்.
அவ்வளவுதான் பேசினோம்.

விலை மாறவில்லை.
லாட்டுக்கு லாட் விலைதான்,
முதலாளி போர்டில் எழுதியிருக்கிறது.
ஒன்பது ஷீட், ஐந்து கிலோ எண்ணூறு.
ரூபாயை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.
ஆனால் இத்தனை நாளும்
ரூபாயோடு சேர்த்து ஒரு முகமும்
கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.
இன்று அது
மேசை டிராயரிலேயே கிடந்துபோயிற்று.

ராத்திரி சாளைக் கறியில் புளி தூக்கல்.
நாக்கு நுனிவரை வந்துவிட்டது கிரேடு.
சோற்றோடு சேர்த்து விழுங்கினேன்.
மனைவி ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்,
காய்ச்சலோ என்று.

எதிரே ஜெபின்
தட்டுக்குப் பக்கத்தில்
யாருடையதோ ஒரு உடைந்த போனைப்
பிரித்துப் பரப்பிவைத்து
திருகாணி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தான்.
நெல்லில் பாதி இருக்கும்.
என் காலடியில்தான் கிடந்தது.

குனிந்து
அப்படியே எடுத்து நீட்டினேன்.