முகத்துக்கு மட்டும் கூலி

லீவன் ரெய்மின் வேலையாள்
ஈரச்சாக்கில் சுற்றி அதைக் கொண்டுவந்தான்.
எட்டு வருடத்துக்கு முன்
இதே மேசையை விட்டுப் போன ஜெபப்புத்தகம்.
தாள் ஓரங்களில் விரல் அழுக்கு.
நல்லது, யாரோ படித்திருக்கிறார்கள்.

உள்ளே ஒரு சீட்டு.
மாதாவின் முன் மண்டியிட்டிருக்கும் பெண்ணுக்கு
முகத்தை மாற்றவும்.
உடுப்பு அப்படியே இருக்கலாம்.
நீலத்துக்கு மறுபடி பணம் தரமாட்டேன்.

அந்த நீலத்தை எனக்குத் தெரியும்.
வெனிஸ் கப்பலில் வந்து
ப்ரூஜ் சந்தையில் பொன்னைப்போல் நிறுத்து வாங்கிய கல்.
இடித்து, மெழுகில் பிசைந்து,
சாம்பல்காரத்தில் மூன்று நாள் கசக்கினேன்.
முதலில் இறங்குவதுதான் நீலம்,
கடைசியில் இறங்குவது மழைக்கால லெய் ஆறு.
மாதாவுக்கு எடுத்த முதல் நீலத்தில் மிச்சம்பிடித்து
அமெல்பெர்காவின் உடுப்புக்குக் கொடுத்தேன்.
அதை ரசீதில் எழுதச் சொன்னான் அவள் கணவன்,
கம்பளிப் பொதிக்கு எழுதுவதுபோல.

முகம் மலிவு.
ஈயவெள்ளை, துளி செந்தூரம்,
தாடைக்கடியில் கொஞ்சம் பச்சைமண்.
ஒரு பட்டாணி அளவு இடம்.
ஆனாலும் அவள் நேரில் வந்து உட்கார்ந்தாள்,
நான்கு முறை தும்மினாள்.
கன்றுத்தோல் வாடை ஆகாதாம்.
மடியில் ஒரு நாய்; அதையும் போடச் சொன்னாள்.
நாய்க்குத் தனிக்கூலி என்றேன்.
கையுறைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள்
வீட்டுக்காரனுக்குத் தெரியாமல்.

சீட்டில் நாயைப் பற்றி ஒன்றுமில்லை.

சுரண்டும்போது மூச்சை அடக்கவேண்டும்,
ஈயம் பொடியாக எழும்.
முதலில் வாய் போனது. பிறகு மூக்கு.
கண்களை விட்டுவைத்தேன்,
இரக்கத்தால் அல்ல, வெளிச்சம் போய்விட்டது.
இரவு முழுக்க மேசைமேல்
ஒரு நீல உடுப்பும் இரண்டு கண்களும்.
காலையில் அவற்றையும் எடுத்தபோது
வெறுந்தோலில் ஒரு மயிர்க்கால்,
எந்தக் கன்றுடையதோ,
எட்டு வருடமாக அவள் கன்னத்தின் கீழே
இருந்திருக்கிறது.

வியாழக்கிழமை புதியவள் வந்தாள்.
காதெலீன். பத்தொன்பது இருக்கும்.
மரச்செருப்பில் சேறு.
தும்மவில்லை.
பக்கத்தைக் குனிந்து பார்த்தாள்:
முக்காட்டுக்குள் வெளிறிய ஓர் ஓட்டை,
அதன் கீழே கூப்பிய கைகள்.
"இது யார் கை?"
சொன்னேன்.
தன் கையை நீட்டிக் காட்டினாள்.
படத்தில் இருந்த அதே மோதிரம்,
கழன்றுவிடாமல் உள்ளே நூல் சுற்றியிருந்தது.
"நாய் இன்னும் இருக்கிறது.
என்னைக் கண்டால் குரைக்கும்.
அதை அழித்துவிடாதீர்கள்."

பிறகு பேச்சில்லை.
சன்னல் பக்கம் முகம் திருப்பச் சொன்னேன், திருப்பினாள்.
புருவம் முடிந்து உதட்டுக்கு வந்திருந்தேன்.
"மெல்லிசாகப் பூசுங்கள்" என்றாள்.
"அடுத்தவளுக்காகச் சுரண்டும்போது
உங்களுக்குக் கை வலிக்கக்கூடாது."

சிரிக்கிறாளா என்று நிமிர்ந்தேன்.
உதடு அசையவில்லை,
அசைந்தால் வேலை கெடும் என்று
நான்தான் சொல்லியிருந்தேன்.

அவள் போனபிறகு
முட்டைவெள்ளையை ஒதுக்கிவிட்டுப் பிசினை எடுத்தேன்.
ஒரு பூச்சு. காயவிட்டு இன்னொன்று.
மூன்றாவது பூச்சுக்குப் பிறகுதான் கண் திறந்தேன்.
இனி கத்தி வந்தால்
முகத்துக்கு முன்னால் தோல் கிழியும்.
நாய் மட்டும் கொஞ்சம் தள்ளிப் பார்க்கிறது,
அமெல்பெர்கா இவளைவிட உயரம்.

கணக்கை எழுதி அனுப்பினேன்:
முகம் ஒன்று. பிசின் இரண்டு பங்கு.
இவ்வளவு பிசின் எதற்கு என்று
ஆள்விட்டுக் கேட்டான் லீவன் ரெய்ம்.

ஈரமான ஊர், ஐயா,
என்று சொல்லியனுப்பினேன்.