மூன்று காசு

வருடத்துக்கு இரண்டு முறை வரும் எங்கள் இதழ்.
இருநூற்றுப் பதினோரு சந்தாதாரர்கள்.
ஒன்பது பேர் இறந்துவிட்டது தெரியும்;
சந்தா மட்டும் தவறாமல் வருகிறது.

கெண்ட் நகரத்தில்
சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே
ஒற்றை அறை.
கணப்புக் குழாய் இருமும்போதெல்லாம்
மேசையில் அடிக்குறிப்புகள் நடுங்கும்.
மெய்ப்புப் பார்க்கிறேன்.
காற்புள்ளிக்கும் கடவுளுக்கும் இடையில்
என் பிழைப்பு.

கடவுள் என்றால் இங்கே
கையுறைக்கு இரண்டு காசு
முகத்தில் ஒட்டிய பொன்தாளுக்கு ஏழு
ஒத்திகை நாளில் கூடுதலாக ஒரு குவளை பீர்.
ஆயிரத்து நானூற்று அறுபத்தெட்டில்
வெண்டல்பெக் ஊர்த் தோல் பதனிடுவோர் சங்கம்
எழுதிவைத்த நாடகக் கணக்கு.
நரகத்தின் வாயில் நெருப்பு அணையாமல்
பார்த்துக்கொண்டவனுக்கு நான்கு.
உள்ளே விழுந்தவர்களுக்கு
ஒன்றும் கிடையாது.

அப்புறம் ஒரு வரி:
லைஸ்பெத்துக்கு,
ஏதோ ஒன்று செய்ததற்காக, மூன்று காசு.

அந்த ஏதோ ஒன்றின் மேல்
பழுப்பாய் ஒரு கறை.

'அழுததற்காக' என்று படித்தார்
டர்ஹாமிலிருந்து ஐலித் ஃபெதர்ஸ்டன்,
பன்னிரண்டாம் இதழில்.
சிலுவையடியில் அழ ஒரு பெண்,
மீசை மழித்த பையன் அல்ல,
நிஜமாகவே ஒரு பெண்.

'மசகு போட்டதற்காக' என்றார்
லூவனிலிருந்து வால்பர்ட் டெ க்ரூஸ்,
பதினான்காம் இதழில்.
மேடை வண்டியின் அச்சுக்கு.
பன்றிக் கொழுப்பு தடவாவிட்டால்
மோட்சமும் கீச்சிடும், ஐயா.

அந்தக் காலத்துக் கையெழுத்தில்
அழுகைக்கும் மசகுக்கும்
மூன்று சின்னக் கோடுகள்தான் வித்தியாசம்.
அந்தக் கோடுகளுக்குள்
பதினேழு வருடம் குடியிருந்தார்கள் இருவரும்.
மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு,
'மதிப்புக்குரிய நண்பர் கவனிக்கத் தவறியது',
அதில் மதிப்பும் இருக்காது, நட்பும்.
க்ரோனிங்கன் கருத்தரங்கில், காலைச் சாப்பாட்டில்,
வெண்ணெய்க் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளி
"மசகு?" என்றாராம் ஐலித்.
மேசையில் யாரும் மூச்சுவிடவில்லை.
டெ க்ரூஸ் மட்டும்
கண்ணில் நீர் வரச் சிரித்தார்.
"பாருங்கள், அழுகிறார்" என்றாராம் அவர்.

போன இலையுதிர் காலத்தில்
ஆவணக் காப்பகத்து வீர்லா ஒரு படம் அனுப்பினாள்.
புற ஊதா வெளிச்சத்தில் எடுத்தது.
கறைக்கு அடியில் எழுத்து இல்லை.
காகிதமே அரித்துப் போயிருந்தது.
ஆனால் கறை மழைநீர் அல்ல,
கொழுப்பு என்றாள்.
வண்டியினுடையதா,
கணக்கன் தின்ற ஆட்டுக்காலினுடையதா,
அதை எந்த வெளிச்சமும் சொல்லாது.

இருவருக்கும் அனுப்பினேன்.
டெ க்ரூஸிடமிருந்து பதில் இல்லை.
பிப்ரவரியில் அவர் மகன் தொலைபேசியில் பேசினான்.

அஞ்சலிக் குறிப்பு கேட்டேன் ஐலித்திடம், அறுநூறு சொல்.
தொண்ணூறு வந்தது.
கடைசி வாக்கியம்:
'லைஸ்பெத் விஷயத்தில்
அவர் சொன்னதே சரியாக இருக்கலாம்.'

மறுநாள் அச்சுக்குப் போகும் நேரத்தில்
இன்னொரு கடிதம்.
'அந்த வாக்கியத்தை எடுத்துவிடு.
இப்படி ஜெயிப்பதை
அவர் மன்னிக்கமாட்டார்.'

எடுத்தேன்.
பக்கத்தின் அடியில் இரண்டு அங்குலம் வெறுமை.
அச்சகத்து ஆள் கேட்டார்,
சந்தா விளம்பரம் போட்டு அடைக்கலாமா?
வேண்டாம் என்றேன்.
அவர் உறையில் முகவரி ஒட்டியதும் நான்தான்.
மகன் நிறுத்தச் சொல்லவில்லை.

நாடகம் முடிந்த அந்தச் சாயங்காலம்
லைஸ்பெத் ரொட்டி வாங்கப் போயிருப்பாள்.
நீட்டிய கையில் கொழுப்பு வழுக்கியதா,
கண் வீங்கியிருந்ததா,
ரொட்டிக்காரனுக்குத் தெரியும்.
அவன் காசைத்தான் எண்ணியிருப்பான்.